தவளை சொன்ன சேதி

பேர்லின் அரும்பொருட்சாலையிலே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று உண்டு. தான் கருவுற்றிருக்கிறாளா என அறிய விரும்பும் பெண்ணுக்கு அது ஒரு வழி சொல்கிறது. வாற்கோதுமை, கோதுமை விதைகள் மீது அவள் நாள்தோறும் சிறுநீர் கழித்துவர வேண்டும். முளைத்தால் வயிற்றிலே பிள்ளை; முளைக்காவிட்டால் இல்லை. நகைத்து ஒதுக்கிவிட வேண்டாம், நேயர்களே. எகிப்திய ஆய்வாளர் இதனைப் பரீட்சித்து 1963இல் முடிவை வெளியிட்டனர். கருவுற்ற பெண்களின் சிறுநீரில் ஏறத்தாழ 70 வீதமானவை விதையை முளைக்கவிட்டன, மற்றவை முளைக்கவிடவில்லை.

சிறுநீரில் அப்படி என்ன இருக்கிறது? அதற்கு ஒரு பெயர் கிடைத்தது 1905இல். இலண்டனில் ஆற்றிய விரிவுரையொன்றில் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடற்றொழிலியலாளர், குருதியில் கலந்து சென்று தொலைவிலுள்ள உறுப்பைத் தொழிற்படுத்தும் சுரப்புகளை 'ஓமோன்' என்றார். தூண்டி இயங்கச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியிலிருந்து வந்தது அச்சொல். நமது பாடநூல்கள் ஓமோன் என்றே எழுதுகின்றன. 'இயக்குநீர்' என்ற தமிழ்ச் சொல்லை ஆக்கியவர் கிரேக்க வேரை அறிந்தே ஆக்கியிருக்க வேண்டும் என்பது தமிழாசிரியனான என் எண்ணம்.

பெயர் வந்த பின்பும் பெண்ணுக்கு விடை எளிதாகக் கிட்டவில்லை. 1920களின் இறுதியில் பேர்லினில் அஷ்ஹைம், சொண்டெக் என்ற இருவர், பெண்ணின் சிறுநீரைப் பருவமடையாத சுண்டெலிகளுக்கு ஊசியாக ஏற்றினார்கள். சில நாட்களின் பின் எலிகளைக் கொன்று சூலகங்களைப் பார்த்தார்கள். ஒரு செய்திக்காகச் சில உயிர்கள். (யூதர்களான அவ்விருவரும் ஹிட்லர் ஆட்சியில் ஜேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது வேறொரு துயரக் கதை.) பிறகு தென்னாபிரிக்கத் தவளை வந்தது. கேப்டவுணில் பணியாற்றிய ஆங்கிலேய விலங்கியலாளர் ஹொக்பனின் ஆய்வு வழிவந்த இச்சோதனையில், ஊசி ஏற்றிய பெண் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிட்டால் சேதி நல்லது. தவளை சாக வேண்டியதில்லை; மறுமுறையும் உதவும். 1960கள் வரை பல நாடுகளின் ஆய்வுகூடங்களில் தவளைத் தொட்டிகள் இருந்தன.

எலியும் தவளையும் உண்டு, இல்லை என்பதையே முக்கியமாகச் சொல்லின. மிக நுண்ணிய அளவையும் நிறுத்துப் பார்க்கும் வழியை நியூயோர்க்கில் ரோசலின் யலோவும் சொலமன் பேர்சனும் கண்டார்கள். கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளையும் பிறபொருளெதிரியையும் கொண்டு குருதியிலுள்ள இன்சுலினை அளந்தார்கள். 1977இல் யலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பேர்சன் உயிருடன் இல்லை. 'ஓமோன் சமநிலை' என்ற பேச்சுக்கு அளவைகளின் பலம் கிடைத்தது இதன் பின்னரே. ஆனால் அந்தச் சமநிலை ஓடிக்கொண்டே இருப்பது. கோட்டிசோல் காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழும். புரோஜெஸ்தரோன் சூல் வெளியேறிய பின்னரே ஏறும். தைரொயிட்டுச் சுரப்பி சோர்ந்தால், அதைத் தட்டியெழுப்பும் கபச்சுரப்பியின் ஓமோன் கூடும். ஆகவே இன்று வீட்டிலேயே ஒரு சொட்டுக் குருதியிலோ உமிழ்நீரிலோ சமநிலையைக் கண்டறியலாம் என்று விற்கப்படும் பெட்டிகளை நான் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். நாளும் வேளையும் நோய்க்குறியும் அறியாத இலக்கத்தை வைத்துக்கொண்டு வைத்தியரே திண்டாடுவார்.

கருவுற்றமை காட்டும் ஓமோனுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. சூல்வித்தகம், அதாவது நச்சுக்கொடி, உருவாகத் தொடங்கும்போதே அது சுரக்கிறது. மற்றக் காலத்தில் பொதுவாகத் தென்படுவதில்லை. வீட்டு வாசலுக்கு முதலில் வந்த ஓமோன் சோதனைகளில் அது சேர்ந்தது அதனால்தான். 1960இல் சுவீடனில் வைட், கெம்செல் என்போர் விலங்கை விட்டுச் சோதனைக்குழாய்க்கு வந்தார்கள். சிறுநீரில் அந்த ஓமோன் இருந்தால் குழாயின் அடியில் செங்குழியங்கள் வளையமாகப் படியும்.

1967இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில், ஓர்கனோன் என்ற மருந்து நிறுவனத்தில் அழகுசாதனப் பொதிகளை வடிவமைக்கச் சேர்ந்த மார்கரெட் கிரேன், ஆய்வுகூடத்தில் கண்ணாடிக்கு மேலே வரிசையாகத் தொங்கிய குழாய்களைக் கண்டார். என்னவென்று கேட்டார். இதைப் பெண்ணே வீட்டில் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. மேசையில் கிடந்த கடதாசிக் கவ்விப் பெட்டி ஒன்று, ஒரு குழாய், ஒரு சொட்டி, அடியில் சிறு கண்ணாடி. அவ்வளவுதான். வைத்தியர்கள் கோபிப்பார்கள் என்று மேலிடம் அஞ்சியது. தன் உடலின் சேதியைப் பெண் முதலில் அறிவதா, வைத்தியர் முதலில் அறிவதா என்பதே உண்மையான வழக்கு. பின்னர் மனம் மாறிய நிறுவனம் வடிவமைப்பாளர்களை அழைத்தபோது கிரேன் தன் பெட்டியையும் அழையாமலே கொண்டுபோய் வைத்தார். அலங்காரம் செய்த மாதிரிகளுக்கிடையே அந்த வெறும் பெட்டியே தெரிவாயிற்று.

1971இல் கனடாவில் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு வர 1977 ஆயிற்று. குழாயை அசைக்காமல் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். கிரேனின் மூல மாதிரி 2015 முதல் ஸ்மித்சோனியன் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. காப்புரிமை அவர் பெயரில்தான் பதிவாயிற்று. அதை நிறுவனத்துக்கு 1 டொலருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு டொலரும் தமக்குக் கிடைக்கவில்லை என்று பின்னாளில் அவர் சொன்னார்.