மாரியும் மனையும் மட்டக்களப்புக் கவியும்

சரித்திரம் என்றவுடன் மன்னர் முடிசூடியதும், படைகள் பொருதியதும், கோட்டைகள் கைமாறியதுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் வாவியின் மறுகரையில் ஒரு தாய் தன் மகளுக்கு எவ்வாறு மனை கொடுத்தாள், ஓர் இளைஞன் எந்தப் பருவத்தில் தன் மச்சாளை நினைந்து பாடினான் என்பவற்றைக் கோட்டையின் சரித்திரம் நமக்குக் கூறாது. அவற்றை அறிய விரும்புவோர், பழுகாமம் போன்ற ஊர்களின் மாரிகாலத்தை அறிதல் வேண்டும், நேயர்களே.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் வயற்பக்கம் படுவான்கரை. படுவான்கரையில், போரதீவுப் பற்றில் அமைந்த பழைய ஊர் பழுகாமம். திரௌபதை அம்மன் கோயிலும் அங்கு நிகழும் தீமிதிப்பும் அதன் பெயரை அயலெங்கும் பரப்பியவை. பனி உறையும் குளிர்காலம் இவ்வூருக்கு இல்லை. ஐப்பசியில் வாடைக்காற்றுத் திரும்பும். கார்த்திகை முதல் தை வரை ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்து தீரும். அதுவே இங்குள்ளாரின் குளிர்காலம்.

முதியோர் தம் இளமையை நினைவுகூரும்போது இம்மாரியையே பெரிதும் பேசுவர். கிடுகுக் கூரை ஒழுகும் இடமெல்லாம் சட்டியும் பானையும் வைத்த வீடு, அடுப்பங்கரையின் சூட்டில் ஒடுங்கிய பிள்ளைகள், அவித்த மரவள்ளிக் கிழங்கின் ஆவி, கார்த்திகை விளக்கீடு, மார்கழி வைகறையில் திருவெம்பாவைக்கு அழைக்கும் சங்கொலி. வெள்ளம் வழியை மூடியபின் தோணியே துணை. இரவு நீளும், பாட்டியின் பாரதக் கதையும் நீளும். திரௌபதையைத் தெய்வமாகக் கொண்ட ஊரில் அக்கதை வீட்டுக் கதையாகவே பிள்ளைகளின் செவியில் விழுந்தது.

அவ்விரவுகளில் வீட்டு ஆண்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். மாரிப் போகமே படுவான்கரையின் உயிர். விதைப்பு முடிந்ததும் போடியாரின் வயலில் வேலைசெய்வோர் வட்டையிலே வாடி கட்டித் தங்குவர். யானையும் பன்றியும் பயிரை அழியாதபடி பரண்மீது விழித்திருப்பர். ஊரில் பெண்கள், வயலில் ஆண்கள், இடையில் மழையும் இருளும். இப்பிரிவே மட்டக்களப்பு நாட்டுக் கவிகளுக்கு வளமான விளைநிலம் எனலாம். ஒரு பரணில் ஒருவன் பாட, மறு பரணில் இன்னொருவன் மறுமொழி தொடுப்பான். காவலுக்குத் துயில் நீங்கவேண்டும்; பாட்டு அதற்கு உதவியது. பாடிய பொருளோ முதற்காதல். தமிழரும் முஸ்லிம்களும் இக்கவிச் செல்வத்துக்கு ஒருங்கே உரியவராவர்.

கவியிற் காதலர் ஒருவரையொருவர் மச்சான், மச்சி என விளிப்பது வெறும் கொஞ்சுமொழியன்று. இந்நாட்டில் பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தவர். ஒரே குடியினர் தம்முள் மணம் செய்வதில்லை. மாமன் மகளும் அத்தை மகளும் பிற குடியினராதலின், மணத்துக்குரிய முறைப்பெண்கள் ஆயினர். எனவே மச்சாள் என்ற சொல்லிலேயே உறவும் உரிமையும் ஆசையும் ஒன்றுகலந்தன. முறை தவறிய காதலுக்கு அவ்வுரிமை இல்லை. ஊரார் வாய்க்கு அஞ்சிய பெண்ணின் துயரும், பெற்றோர் மறுத்த இளைஞனின் ஏக்கமும் வெளிப்படக் கவியே வாயிலாயிற்று. சபையிற் சொல்லலாகாததைப் பாட்டிற் சொல்லலாம்.

மணமானபின் மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். தாய்வீடு மூத்த மகளுக்குச் சேர, பெற்றோர் அயலிற் சிறுவீடு கட்டி ஒதுங்குவர். இளையவளுக்கும் மனை தேடுவர். இதன் பின்னணியில் பழைய முக்குவர் சட்டம் உண்டு. முதுசச் சொத்துப் பெண்வழியே இறங்க, ஆண் தன் சகோதரியின் மக்களுக்கு அதனை விடுவது அச்சட்டத்தின் நெறி. 1876ஆம் ஆண்டில் கிறிஸ்தோபர் பிரிட்டோ அதனை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. ஏட்டிலிருந்து சட்டம் நீங்கியும், மகளுக்கு மனை என்ற வழக்கம் நீங்கவில்லை. மாரியில் கணவன் வட்டைக்குச் சென்றபோது மனைவி அயலார் வீட்டில் அல்லள், தன் தாய்வீட்டில், தங்கையரும் அன்னையும் சூழ இருந்தாள். பிள்ளைகளின் மாரி நினைவுகளில் பாட்டி நடுநாயகமாக விளங்குவதன் காரணமும் இதுவே.

இனிய நினைவு துன்பத்தை மறைப்பதும் உண்டு. அறுவடைக்கு முந்திய மாதங்களில் நெற்கூடு வெறுமையாகும். ஏழைக் குடும்பம் கடன்பட்டே உண்ணும். 1957ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் வயல்களை மூழ்கடித்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் வீடுகளையும் தென்னைகளையும் வேரோடு சாய்த்தது. மாரியை வாழ்த்தியவரே அதற்கு அஞ்சியுமிருந்தனர்.

காலம் மாறிற்று. எருமைகள் மிதித்த களவெட்டியில் உழவு இயந்திரங்கள் வந்தன. தோணித் துறைகள் சிலவற்றைப் பாலங்கள் வென்றன. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. 2009இல் முடிவுற்ற போர், படுவான்கரை மக்களைப் பலமுறை இடம்பெயர்த்தது. வாடியில் இரவு கழிப்போர் அருகினர்; அவர்களோடு கவியும் அருகிற்று.

தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டையும், பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலையும் வெளியிட்டிராவிடின் நாம் இழந்திருப்பவை பல. எனினும் இரு நூல்களுள் ஒரு நாட்டின் வாழ்வு முழுதும் அடங்கிவிடாது. எவர் வீட்டில் எவர் வாழ்ந்தார், எந்த மழையில் எவர் பிறந்தார், எந்தக் கவியை எவருக்காகப் பாடினார் என்பன இன்னும் முதியோர் நெஞ்சில் உள்ளன. கோட்டையின் கல் காத்திருக்கும். மனிதர் நெஞ்சு காத்திராது. அடுத்த மாரி முடிவதற்குள் பேரப்பிள்ளைகள் பாட்டியின் அருகமர்ந்து கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைப்பார்களாயின், பழுகாமத்தின் சரித்திரத்தில் எழுதப்படாத பக்கங்கள் சில நிறைவு பெறும்.