பங்காரு வாய்க்காலும் பாகூர் நாடும்

புதுவை என்றவுடன் நம்மவர் பலருக்கு நினைவு வருவன கடற்கரையும், நூல் பிடித்தாற்போன்ற தெருக்களும், பிரெஞ்சுக்காரர் கட்டிய மாளிகைகளுமேயாம். அந்நகரத்திற்குச் சோறிட்ட பாகூர், வில்லியனூர் நாட்டுப்புறங்களைப் பற்றிச் சரித்திர நூல்களைப் புரட்டினால், 1752-ஆம் ஆண்டில் பாகூரில் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படையை வென்றனர் என்பது போன்ற போர்ச் செய்திகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. அப்போர் ஒரு நாளில் முடிந்தது. அந்நிலத்தில் உழவும் பாட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றன. ஆகவே நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மனையோரும் மக்களும் அறியுமாறு, அந்நாட்டின் நீரையும் கலையையும் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

பாகூரின் பழைய பெயர் வாகூர் என்பது. 1879-இல் அவ்வூரிற் கிடைத்த செப்பேடுகள் நிருபதுங்கவர்மன் என்னும் பல்லவ மன்னனது எட்டாம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பொறிக்கப்பட்டவை. ஆங்கிருந்த வித்தியாஸ்தானம் ஒன்றுக்கு, நிலைதாங்கி என்னும் தலைவனது வேண்டுகோளின்படி மூன்று ஊர்கள் விடப்பட்டதை அவை வடமொழியிலும் தமிழிலும் கூறுகின்றன. கற்பாரும் கற்பிப்பாரும் கவலையின்றி உண்ண அவ்வூர்களின் விளைவே ஆதாரம். வில்லியனூருக்கு மேற்கேயுள்ள திரிபுவனையிலும், முதலாம் இராசாதிராச சோழன் காலத்தில், 1048-ஆம் ஆண்டில், 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி ஒன்று நெல்வருவாயால் நடந்தது. இந்நாட்டிற் கல்வி செழித்தது என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்நெல்லை விளைவித்த நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் சிலரே.

பாகூர் ஏரி புதுவைப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரியாம். மூலநாதர் கோயிற் கல்வெட்டுகளில் சோழர் பெயரோடு, வடக்கிலிருந்து வந்த இராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவன் பெயரும் காணப்படுகின்றது. மன்னர் மாறினும் ஏரி மாறவில்லை. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணையினின்று பிரிந்துவரும் கால்வாயொன்று இவ்வேரியை நிரப்புகின்றது. அதற்குப் பங்காரு வாய்க்கால் என்று பெயர். பங்காரு, சிங்காரி என்னும் தாசிகுலத்து உடன்பிறந்தார் இருவர் தம் பொருளைச் செலவிட்டு நீர் கொணர்ந்தனர் என்பது கர்ணபரம்பரை. பங்காரு என்பது தெலுங்கிற் பொன்னைக் குறிக்கும். சொர்ணாவூர் என்னும் பெயரிலும் பொன்னே உள்ளது. இது தற்செயலோ, அன்றி ஏதேனும் தொடர்புண்டோ, ஆராய்வார்க்கு விடுகின்றோம்.

தாசியொருத்தி நீர் தந்தாள் என்னும் கதை புதுவையில் இஃதொன்று மட்டுமன்று. கிருஷ்ணதேவராயர் அவ்வழி வந்தபோது, விளக்குகளால் ஒளிர்ந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகுவித்தாராம். அஃது ஆயி என்னும் தாசியின் இல்லம் என்றறிந்ததும் சினந்து, இடித்துத் தள்ளுமாறு ஆணையிட்டாராம். ஆயி தானே இடிப்பதாக இரந்து கேட்டு, அவ்விடத்தே குளம் வெட்டுவித்தாள் என்பர். முத்திரையர்பாளையத்து நீர் மூன்றாம் நெப்போலியன் காலத்திற் புதுவை நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அவ்வரசரின் கட்டளையால் அவள் பெயரில் எழுந்த மண்டபம் இன்றும் நகரின் நடுவே வெள்ளை வெளேரென நிற்கின்றது. நகரத்தார் தாகந் தீர்த்தவளுக்கு மண்டபம் கிடைத்தது. நாட்டுப்புறத்து வயல்களை நனைத்த சகோதரிகளுக்குக் கிடைத்தது வாய்க்காலின் பெயர் ஒன்றே. செப்பேட்டில் நிலைதாங்கியின் பெயர் உண்டு. இவ்விருவர் பெயரைப் பொறித்த செப்பேட்டை யாம் கண்டிலேம்.

இவர்கள் யார்? கோயிலில் ஆடியும் பாடியும் வாழ்ந்த மரபினர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் வகுத்தமை அங்குள்ள கல்வெட்டால் அறியலாம். ஆடலுக்கும் பாடலுக்கும் அன்று கூலி நெல்லே. பிற்காலத்து இழிவு அனைவரும் அறிந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் அம்முறையைச் சட்டம் ஒழித்தது நன்றே. ஆனால் முறையோடு சேர்த்து அப்பெண்களின் கலையையும் கொடையையும் நாவால் இகழ்ந்த பெரியோர் நம் இல்லங்களிலும் இருந்தனர் என்பதை மறைத்தற்கில்லை. கலியாணப் பந்தியில் பாகூர்ச் சோற்றை உண்டுகொண்டே அவர்கள் அங்ஙனம் பேசியதுண்டு.

இனி வில்லியனூர். வில்வநல்லூர் என்பதே அப்பெயராயிற்று என்பர். திருக்காமீசுவரரும் கோகிலாம்பிகையும் எழுந்தருளிய இத்தலத்தின் மீது வீரராகவ கவி பாடிய வில்லைப் புராணத்தை மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் 1940-இற் பதிப்பித்தார். வைகாசிப் பெருவிழாவில் நாகசுரமும் தவிலும் முன்செல்லத் தேர் நகரும்போது, சுற்றுக் கிராமத்தார் அனைவரும் வடத்தில் கைவைப்பர். அவ்வூரிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த லூர்து மாதா கோயிலும் உண்டு. அதன் முன்னும் ஒரு திருக்குளம். வில்லியனூர்க் குயவரின் சுடுமண் வேலைப்பாடு இந்நூற்றாண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. ஐயனாருக்குக் குதிரை செய்யும் கையும், குழம்புச் சட்டி வனையும் கையும் ஒரே கைதான்.

அச்சட்டியில் வேகும் உணவையும் சொல்லிவிடுவோம். நகரத்து விருந்துகளைப் பற்றி எழுதுவார் பலர். ஏரிக்கரை ஊர்களின் உணவோ வேறு: விடியலில் வயலுக்குச் செல்வோர்க்கு நீராகாரமும் சின்ன வெங்காயமும், ஆடியில் அம்மன் வாசலிற் கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும், அசைவர்க்குக் கருவாட்டுக் குழம்பும், ஏரி வற்றுங்கால் விரால் மீன், தைத்திங்களிற் புத்தரிசிப் பொங்கல். இவற்றுள் நீரின் கணக்குக்குத் தப்பியது எது? இரவெல்லாம் நடக்கும் பாரதக் கூத்தும், அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்தபின்னரே களைகட்டும்.

சென்ற ஐப்பசியில் யாம் பாகூர் ஏரிக்கரை மீது நின்றிருந்தோம். மழை ஓய்ந்த நேரம். நடவுக்குச் சென்றுகொண்டிருந்த மூதாட்டி ஒருவரை, “அம்மா, ஏரி எப்பொழுது நிரம்பும்?” என்று வினவினோம். “பங்காரு வந்துட்டா நெறைஞ்சிடும்யா” என்று, அடுத்த தெருவிலிருந்து வரவேண்டிய உறவுக்காரியைச் சொல்வதுபோற் சொல்லி, சேலையை வரிந்துகட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனார்.