எடை மட்டும் போதாது, இடுப்பளவும் முக்கியம்: பெண்கள் பருவந்தோறும் கவனிக்க வேண்டியவை

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையுடனோ உடல் பருமனுடனோ இருக்கின்றனர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே இச்சிக்கல் அதிகம்.

அக்காலத்தில் தோட்டத்துப் பெண்கள் விடியற்காலையிலேயே நிரை நிரையாக நடந்து பால்மரம் சீவினர். அவர்களின் பிள்ளைகளும் பேத்திகளும் இன்று அடுக்குமாடி வீடுகளில் வசிக்கின்றனர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் ஜோர்ஜ்டவுன் அலுவலகங்களிலும் உட்கார்ந்து வேலை செய்கின்றனர். உழைப்பு மாறிவிட்டது, தட்டில் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

சரியான எடை எது?

ஆசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு எளிதில் சேர்வதால், குறைந்த எடையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வரலாம். ஆகவே, நம் நாட்டில் உடல் எடைக் குறியீடு 23ஐ எட்டினாலே கூடுதல் எடை என்றும், 27.5ஐ எட்டினால் உடல் பருமன் என்றும் கணக்கிடப்படுகிறது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 43 முதல் 53 கிலோ வரை நல்ல எடை. 64 கிலோவை எட்டினால் அது உடல் பருமன்.

பெண்களின் இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப்பை வைத்து அளக்கலாம்.

பருவ வயதில்

பூப்பெய்தியபின் உடல் சற்றுப் பூசுவது இயல்பே. ஆனால், எடை வேகமாகக் கூடி மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகும். மெலிய வேண்டுமென்று பட்டினி கிடப்பது இரத்தசோகையில் முடியலாம்.

கர்ப்பமும் பேறுகாலமும்

சரியான எடையில் கருவுறும் பெண்ணுக்கு 11.5 முதல் 16 கிலோ வரை எடை கூடலாம். ஏற்கெனவே கூடுதல் எடை உள்ளவருக்கு 7 முதல் 11.5 கிலோ போதும். 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று இரட்டிப்பாக உண்ண வேண்டியதில்லை.

கர்ப்பகால நீரிழிவு வந்தவர்கள் பிரசவமான ஆறு வாரத்தில் மீண்டும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டதே என்று பலர் விட்டுவிடுகின்றனர். பின்னாளில் நீரிழிவு வரும் அபாயம் இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லும்போது கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துச் சென்றால், தாதியருக்குப் பழைய விவரம் உடனே தெரியும்.

50 வயதுக்குப் பிறகு

மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. தசை கரைகிறது, கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது, எலும்பும் பலமிழக்கிறது. தராசில் எடை மாறாமலேயே இடுப்பு பெருக்கலாம். எனவே முட்டை, மீன், பருப்பு, தவ்பூ போன்ற புரத உணவு தேவை. நடைப்பயிற்சியுடன், வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

அன்றாடம் செய்யக்கூடியவை

• சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையில், தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதிப் பங்கு காய்கறியும் பழமும் வைக்கலாம். நாசி கண்டார் வாங்கும்போதும் சோற்றைக் குறைத்து வெண்டைக்காயைக் கூட்டிக் கேட்கலாம்.

• இரண்டு மேசைக்கரண்டி இனிப்புப் பாலில் சுமார் 20 கிராம் சர்க்கரை உள்ளது. ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தே தாரிக்கை 'குராங் மானிஸ்' என்று கேட்டு வாங்கலாம்.

• வாரத்திற்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். தாவரவியல் பூங்கா அதற்கு ஏற்ற இடம். தண்ணீர்மலை முருகன் கோவிலின் 500க்கும் மேற்பட்ட படிகளும் நல்ல பயிற்சி. மூட்டுவலி உள்ளவர்கள் சமதரையில் நடப்பதே நல்லது.

• இணையத்தில் விற்கும் 'மெலியும் காப்பி' போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். அத்தகைய பொருள்கள் சிலவற்றில், இருதயத்தைப் பாதிக்கும் தடைசெய்யப்பட்ட சிபுட்ராமின் மருந்து கலந்திருந்ததை அதிகாரிகள் கண்டுபிடித்துள்ளனர்.