வாலி வெஸ்ட் ஏன் மெதுவாக ஓடினான்?

காமிக்ஸில் செத்தவர் பிழைத்து வருவது சகஜம்தானே! ஆனால் 1985-இல் 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரில் இறந்த ஃப்ளாஷ், அதாவது பேரி ஆலன், இருபது வருடத்துக்கு மேல் திரும்பவில்லை. அவருடைய சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டவன் வாலி வெஸ்ட். 1959 முதல் கிட் ஃப்ளாஷாகக் கூடவே ஓடிய பையன். பேரியின் மனைவி ஐரிஸுக்குச் சகோதரர் மகன்.

1987-இல் தனித் தொடர் வந்தது. ஆனால் குருவின் வேகம் மட்டும் வரவில்லை. ஏன் என்று 1993-இல் கதாசிரியர் மார்க் வெய்ட் சொன்னார். செத்துப்போன பேரி திடீரென்று வந்து நிற்கிறார். வாலிக்கு ஒரே கொண்டாட்டம். வந்தவரோ வேடமிட்ட பழைய எதிரி தாண்! அவனைத் துரத்தும்போதுதான் வாலிக்குப் புரிகிறது: தன்னைப் பிடித்து இழுத்தது கால் அல்ல, பயம். பேரிக்குச் சமமாக ஓடிவிட்டால் அவர் இடம் நிரம்பிவிடும், அவர் நிஜமாகவே போய்விடுவார் என்ற பயம். அது விட்டதும் பிய்த்துக்கொண்டு ஓடுகிறான்.

2008-இல் அசல் பேரியே திரும்பினார். எனக்கென்னவோ அதில் அவ்வளவு சந்தோஷமில்லை.