ஒரு குட்டை, ஒரு கணக்கு, 26 வயது

காமர்ஸ் படிக்கிறவனுக்கு சுற்றுச்சூழல் எதற்கு என்று கேட்காதீர்கள். இது முழுக்க முழுக்க வரவு செலவு கணக்குதான்!

காட்டில் மான் நிறைய, புலி கொஞ்சம். ஏன்? 1927லேயே சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேயர் உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக எண்ணிக்கை குறைவதை எழுதிவிட்டார். ஆனால் அவர் எண்ணியது தலைகளை. பாசியையும் மீனையும் ஒரே பேரேட்டில் எழுத வேண்டுமானால் பொதுவான நாணயம் ஒன்று வேண்டுமே?

அந்த நாணயம் கலோரி என்று பிடித்தவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் பாக் என்றொரு ஏரி. ஏரி என்பது மரியாதைக்குத்தான், ஆழம் சுமார் 1 மீட்டர்! அதில் ஐந்து வருடம் பாசி, பூச்சி, புழு, மீன், அடிச்சேறு என்று ஒன்று விடாமல் அளந்தார். கூடவே உழைத்தவர் மனைவி எலினார்.

கிடைத்த கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வருடத்தில் விழுந்த சூரிய சக்தி 118,872 கலோரி. அதில் தாவரங்கள் பிடித்தது 111.3. அவற்றைத் தின்றவைக்குப் போனது 14.8. அடுத்த படிக்கு வெறும் 3.1. கலோரிக்குப் பதில் ரூபாய் போட்டுப் படித்தால் நம்ம ஆட்களுக்கு நெஞ்சே அடைத்துவிடும் :-) தின்னப்படாமல் செத்து சேறானது கொஞ்சம், மூச்சு விட்டே வெப்பமாகக் கரைந்தது கொஞ்சம். அந்த வெப்பம் திரும்ப வராது. சத்துக்கள் சுற்றி வரும், சக்தி ஒரு வழிப் பாதை. புலி ஏன் கொஞ்சம் என்பதற்கு பதில் இதுதான்.

(பள்ளியில் 'லிண்டமனின் 10 சதவீத விதி' என்று மனப்பாடம் செய்தோமே, அவருடைய ஏரியில் எந்தப் படியிலும் 10 வரவில்லை. முதல் படியில் ஆயிரத்தில் ஒன்று, பிறகு 13 சதவீதம், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. மேலே போகப் போக திறன் கூடுகிறது என்றுதான் அவர் எழுதினார். 10 என்பது பின்னால் வந்த தோராயம்.)

1941ல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஹட்சின்சன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்து, கட்டுரையை 'எக்காலஜி' இதழுக்கு அனுப்பினார். ஏரி ஆய்வில் பெரிய தலைகளான ஜூடே, வெல்ச் இருவரும் வேண்டாம் என்றார்கள். தகவல் குறைவு, ஊகம் அதிகமாம். ஒரு ஏரியை வைத்து உலகத்துக்கே கணக்கு எழுதினால் ஆடிட்டர் கேட்கத்தானே செய்வார்? ஆனாலும் ஹட்சின்சன் விடவில்லை, கட்டுரைக்காக வாதாடி கடிதம் எழுதினார். ஆசிரியர் தாமஸ் பார்க் கடைசியில் 1942ல் ஏற்றுக்கொண்டார்.

லிண்டமனுக்கு அப்போதே கல்லீரல் நோய். ஜூன் 29, 1942 அன்று இறந்தார். 27வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. கட்டுரை அக்டோபர் இதழில் வந்தது, முடிவில் ஹட்சின்சன் எழுதிய அஞ்சலிக் குறிப்போடு.