விசை உழுவை

விசை உழுவை அல்லது பவர் டில்லர் என்பது ஓர் அச்சில் இரு சக்கரங்களைக் கொண்டதும், ஓட்டுபவர் பின்னால் நடந்து கைப்பிடிகளால் செலுத்துவதுமான சிறிய வேளாண் இயந்திரம் ஆகும். இலங்கைத் தமிழர் இதனை இருசக்கர உழவு இயந்திரம் என்றும் லாண்ட்மாஸ்டர் என்றும் அழைப்பர். உழுதல், சேற்றுழவு, களை நீக்கம், நீர் இறைத்தல், சுமை இழுத்தல் முதலிய பல வேலைகளை ஒரே எஞ்சினைக் கொண்டு செய்ய இது உதவுகிறது. சிறு வயல்களும் தோப்புகளும் அடுத்தடுத்து அமைந்த கன்னியாகுமரி மாவட்டம் போன்ற பகுதிகளுக்கு இது பொருத்தமான இயந்திரமாகும். எனினும் நிலத்துக்கும் வேலைக்கும் ஒவ்வாததை வாங்கினால் அது ஆண்டின் பெரும்பகுதி கொட்டகையில் நிற்கும். எனவே இக்கட்டுரை இயந்திரத்தின் அமைப்புடன், அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் விளக்குகிறது.

வரலாறு

சுழலும் கத்திகளைக் கொண்டு மண்ணைப் பொடியாக்கும் ரோட்டரி உழவு முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. சுவிட்சர்லாந்தில் கொன்ராட் வான் மேயன்பர்க்கும், ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்டும் இதன் முன்னோடிகள் ஆவர். ஹோவர்ட் தம் சோதனைகளை 1912இல் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானின் சிறிய நெல் வயல்களில் இருசக்கர இயந்திரம் வேகமாகப் பரவியது. தாய்லாந்தில் இதற்கு "இரும்பு எருமை" என்ற பெயர் உண்டு.

இந்தியாவில் 1960களில் ஜப்பானிய நிறுவனங்களின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் உற்பத்தி தொடங்கியது. பெங்களூரைச் சேர்ந்த வி.எஸ்.டி. நிறுவனம் 1967இல் மிட்சுபிஷியின் ஒத்துழைப்புடன் தொடங்கப்பட்டது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973இல் எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் நிறுவப்பட்டு, குபோட்டா வடிவமைப்பில் விசை உழுவைகளைத் தயாரித்தது. 2020 ஜூலையில் இந்திய அரசு விசை உழுவை இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது.

அமைப்பு

வழக்கமான விசை உழுவையில் 9 முதல் 15 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை உருளை டீசல் எஞ்சின் முன்பகுதியில் இருக்கும். அதன் விசை வி-பெல்ட்டுகள் வழியாக முதன்மைக் கிளட்சை அடைந்து, அங்கிருந்து கியர் பெட்டிக்குச் செல்கிறது. கியர் பெட்டியிலிருந்து ஒரு பகுதி சக்கரங்களையும், மற்றொரு பகுதி பின்புறமுள்ள ரோட்டரியையும் இயக்குகிறது. ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு திருப்பு கிளட்ச் உண்டு. அதைப் பிடித்தால் அந்தப் பக்கச் சக்கரத்துக்கு விசை நின்று, இயந்திரம் அப்பக்கம் திரும்பும்.

ரோட்டரியுடன் சேர்த்து இதன் எடை பொதுவாக 400 முதல் 500 கிலோ வரை இருக்கும். ரோட்டரியின் அகலம் ஏறத்தாழ 60 செ.மீ.; உழவின் ஆழம் 10 முதல் 15 செ.மீ. சேற்றுழவின்போது ரப்பர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கேஜ் வீல் பொருத்தப்படுகிறது.

ஒப்பிடத்தக்க இயந்திரங்கள்

* பவர் வீடர்: 2 முதல் 7 குதிரைத்திறன் வரையிலான இலகுவான இயந்திரம். பலவற்றில் சக்கரத்தின் இடத்திலேயே கத்திகள் சுழலும். களை எடுக்க ஏற்றது. தொடர்ச்சியான சேற்றுழவுக்கு ஏற்றதன்று.
* சிறு டிராக்டர்: 15 முதல் 25 குதிரைத்திறன் கொண்ட நான்கு சக்கர இயந்திரம். அமர்ந்து ஓட்டலாம்; திரும்புவதற்கு அதிக இடம் தேவை.
* ஏ.டி.வி.: வட அமெரிக்காவில் வீட்டு வளாகப் பணிகளுக்குப் பயன்படும் நான்கு சக்கரத் திறந்த வாகனம். முன்புறம் தகடு பொருத்திப் பனி தள்ளவும், சிறு சுமை இழுக்கவும் உதவுகிறது. எடை குறைந்ததும் வேகமாகச் செல்வதற்காக வடிவமைக்கப்பட்டதுமான இவ்வாகனம் மண்ணை ஆழமாகக் கிளறும் வேலைக்கு உரியதன்று.

ஒரே எஞ்சினில் பல கருவிகளை மாட்டி வளாக வேலைகள் அனைத்தையும் முடிக்கும் நோக்கம் ஏ.டி.வி.க்கும் விசை உழுவைக்கும் பொதுவானது. குளிர்நாடுகளில் இருசக்கர இயந்திரங்களிலும் பனித் தகடு பொருத்தப்படுவதுண்டு.

நாஞ்சில் நாட்டுச் சூழல்

அகத்தீசுவரம், தோவாளை வட்டங்களை உள்ளடக்கிய நெல் விளையும் பகுதி நாஞ்சில் நாடு எனப்படுகிறது. நாஞ்சில் என்னும் சொல்லுக்கே கலப்பை என்று பொருள். இங்கு கன்னிப்பூ, கும்பப்பூ என இரு பருவங்களில் நெல் பயிரிடப்படுகிறது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையை உள்ளடக்கிய கோதையாறு பாசனத் திட்டமே இதற்கு அடிப்படை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மேடுகளில் ரப்பரும், சரிவுகளில் மரச்சீனியும் வாழையும், தாழ்ந்த ஏலாக்களில் நெல்லும் தென்னையும் காணப்படுகின்றன.

பாசன நீர் வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கப்படுவதால், ஒரு கால்வாயின் கீழுள்ள வயல்கள் அனைத்துக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உழவு தேவைப்படுகிறது. வாடகை இயந்திரம் தாமதித்தால் நாற்று முதிர்ந்துவிடும். பின்வரும் கும்பப்பூவும் தள்ளிப்போகும். சொந்தமாக இயந்திரம் வாங்கப் பலரும் முற்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

தேர்ந்தெடுக்கும் முறை

வேலை

முதலில் ஆண்டு முழுவதும் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் தேவை எனக் குறிக்க வேண்டும். குதிரைத்திறன் அதன் பின்னரே தீர்மானிக்கத்தக்கது.

* நெல் வயல்: கேஜ் வீல் பொருத்திய 12 அல்லது 13 குதிரைத்திறன் விசை உழுவை ஏற்றது. ரோட்டரி ஓட்டியபின் பரம்படித்து மண்ணைச் சமப்படுத்தலாம்.
* தென்னந்தோப்பு: மரங்களுக்கிடையே 7.5 மீட்டர் இடைவெளி இருப்பின் விசை உழுவை எளிதில் திரும்பும். மரத்தடியிலிருந்து 2 மீட்டருக்குள் ஆழமாக உழுதால் வேர்கள் அறுபடும்.
* வாழை: வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால் கனமான ரோட்டரியைத் தவிர்த்து, பவர் வீடரைக் கொண்டு மேலாகக் களை நீக்குவது நல்லது.
* ரப்பர்: சரிவும் மேற்பரப்பு வேர்களும் இருப்பதால் உழவே பொருத்தமற்றது. புல் வெட்டும் இயந்திரமும் மூடு பயிரும் போதுமானவை.
* சரளை நிலம்: மேற்குப் பகுதியின் கற்கள் நிறைந்த செம்மண்ணில் கத்திகள் விரைவில் தேயும், சில வேளைகளில் உடையும். கத்திச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வழி

வயலை அடையும் வழி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பல வயல்களுக்கு வண்டிப்பாதை இல்லை; பிறர் வயல் வழியாகவே இயந்திரம் இறங்க வேண்டும். அந்த வயலில் நடவு முடிந்துவிட்டால் வழி அடைபடும். எனவே வரப்பின் உயரம், வாய்க்கால் பாலத்தின் அகலம், அண்டை வயலின் நடவு நாள் ஆகியவற்றை முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். வரப்பைக் கடக்க உறுதியான இரு பலகைகளைப் பயன்படுத்தலாம். வரப்பை வெட்டினால் உடனே அடைத்துவிட வேண்டும்.

எடை

ஆழமான சேற்றில் எடை மிகுந்த இயந்திரம் புதையும். எடை குறைந்த இயந்திரமோ கடினமான நிலத்தில் பிடிப்பின்றித் துள்ளும். நம் வயலின் சேற்றில் முழங்கால் வரை கால் புதைந்தால், அங்கு சிறு டிராக்டரை விட விசை உழுவையே பாதுகாப்பானது. வாங்குமுன் செயல்விளக்கத்தை விற்பனைக் கூடத்தில் காண்பதைவிட, நீர் கட்டிய நம் வயலிலேயே காண்பது நன்று.

சோதனை அறிக்கையும் உதிரிபாகங்களும்

மத்தியப் பிரதேசத்தின் புத்னி, ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தபூர் முதலிய இடங்களிலுள்ள மத்திய அரசின் வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனங்கள் விசை உழுவைகளைச் சோதித்து அறிக்கை வெளியிடுகின்றன. அதில் உண்மையான திறன், எரிபொருள் செலவு, கத்தித் தேய்மானம், கைப்பிடி அதிர்வு ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும். பெல்ட், கத்தி, எண்ணெய் சீல், கிளட்ச் தட்டு ஆகியவை அருகிலுள்ள நகரத்தில் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயனில்லை. உழவுப் பருவத்தில் ஒரு வாரம் நின்றாலே அப்பருவம் தவறக்கூடும்.

சொந்தமா, வாடகையா?

60 செ.மீ. அகல ரோட்டரி மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் சென்றால் ஒரு மணி நேரத்தில் 1,200 சதுர மீட்டர் உழும். திரும்புதல் முதலியவற்றுக்காக 20 விழுக்காடு கழித்தால் 960 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 24 சென்ட் ஆகும். எனவே ஓர் ஏக்கரை ஒருமுறை உழ 4 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தேவை. மும்முறை உழ ஏறத்தாழ 12.5 மணி நேரம். இரு பருவங்களுக்கு 25 மணி நேரம்.

கணக்கிடும் முறையை விளக்க மட்டும் பின்வரும் தொகைகளைக் கொள்வோம். இயந்திர விலை 2,00,000 ரூபாய், பயன்படும் காலம் 10 ஆண்டுகள், இறுதி மதிப்பு 20,000 ரூபாய்.

* ஆண்டுத் தேய்மானம்: 18,000 ரூபாய்
* சராசரி மதிப்பான 1,10,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு வட்டி: 11,000 ரூபாய்
* கொட்டகை, காப்பீடு முதலியன (விலையில் 3 விழுக்காடு): 6,000 ரூபாய்
* மொத்த நிலைச்செலவு: 35,000 ரூபாய்

வாடகை மணிக்கு 500 ரூபாய் எனவும், சொந்த இயந்திரத்தில் டீசல், எண்ணெய், பழுது, ஓட்டுநர் கூலி சேர்ந்து மணிக்கு 250 ரூபாய் எனவும் கொண்டால், மணிக்கு 250 ரூபாய் மிச்சமாகும். நிலைச்செலவை ஈடுகட்ட ஆண்டுக்கு 140 மணி நேர வேலை தேவை. நெல் மட்டும் பயிரிடுபவருக்கு இது ஐந்தரை ஏக்கருக்கும் மேலான பரப்பாகும். அதைவிடக் குறைந்த நிலமுள்ளவர் தனியாக வாங்கினால், பிற வேலைகளாலோ வாடகைக்கு விடுவதாலோ மீதி மணிகளை நிரப்ப வேண்டும். அல்லது ஒரே ஏலாவைச் சேர்ந்த சிலர் கூட்டாக வாங்கலாம். கூட்டாக வாங்குவோர் யாருடைய வயலில் முதலில் இறக்குவது என்பதை நீர் திறக்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்வது பூசலைத் தவிர்க்கும். வாசகர் தம் ஊரின் விலையையும் வாடகையையும் இட்டு இதே முறையில் கணக்கிடலாம்.

அரசு உதவி

2014-15இல் தொடங்கப்பட்ட வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ், தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக விசை உழுவைக்கு மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. சிறு, குறு உழவர், பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் விகிதம் உண்டு. உச்சவரம்பும் விகிதமும் அவ்வப்போது மாறுவதால், வாங்குமுன் துறை அலுவலகத்திலோ 2018இல் வெளியான உழவன் செயலியிலோ சரிபார்க்க வேண்டும். முன் அனுமதியின்றி வாங்கிய இயந்திரத்துக்கு மானியம் கிடைக்காது போகலாம்.

பாதுகாப்பு

விசை உழுவையின் முதன்மை ஆபத்து சுழலும் கத்திகளே. வேட்டி, கைலி, தொங்கும் துண்டு ஆகியவை எளிதில் சிக்கும்; கால்சட்டை அணிவதே ஏற்றது. பின்னோக்கிச் செல்லும்போது கத்திகள் ஓட்டுபவரின் காலை நோக்கி வருவதால், ரோட்டரியின் விசையை நிறுத்திய பின்னரே பின்கியர் இட வேண்டும். கத்தியில் சிக்கிய வைக்கோலை எஞ்சினை அணைக்காமல் எடுக்கக் கூடாது.

சரிவில் இறங்கும்போது திருப்பு கிளட்ச் எதிர்மாறாகச் செயல்படும். இறக்கத்தில் எஞ்சின் இரு சக்கரங்களையும் தடுத்துப் பிடித்திருக்கும். அப்போது இடது கிளட்சைப் பிடித்தால் இடது சக்கரம் தடை நீங்கி வேகமாக உருள, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இதை அறியாத புதியவர் வாய்க்காலில் கவிழ நேரிடும். சரிவுகள் மிகுந்த மேற்குப் பகுதியில் வாங்குவோர் இறக்கத்தில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயம் பெற வேண்டும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்வதும், டிரெய்லர் இணைத்திருந்தால் அதன் பிரேக்கை முன்னரே சோதிப்பதும் அவசியம்.

நீண்ட நேரம் ஓட்டுவோரின் கைகளில் அதிர்வால் மரத்துப்போதல் ஏற்படலாம். இடையிடையே ஓய்வெடுப்பதும், கைப்பிடி ரப்பரைத் தேய்ந்தவுடன் மாற்றுவதும் இதைக் குறைக்கும்.

பராமரிப்பு

சேற்றுழவு முடிந்த அன்றே இயந்திரத்தைக் கழுவி, ரோட்டரி அச்சில் சுற்றிய நாரை நீக்க வேண்டும். அந்த நார் எண்ணெய் சீலை அறுத்தால் கியர் பெட்டிக்குள் சேற்றுநீர் புகும். கியர் எண்ணெய் பால்நிறமாக மாறியிருந்தால் நீர் புகுந்துள்ளது என அறியலாம். காற்று வடிகட்டி, பெல்ட்டின் இறுக்கம், கத்திகளின் திருகாணிகள் ஆகியவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றால் துரு விரைவாகப் பிடிப்பதால், பருவம் முடிந்ததும் கத்திகளுக்கும் கேஜ் வீலுக்கும் எண்ணெய் பூசி வைப்பது வழக்கம்.

இவற்றையும் பார்க்க

* கலப்பை
* உழவு இயந்திரம்
* நாஞ்சில் நாடு
* பேச்சிப்பாறை அணை