குலவரிசையும் கொண்டு கொடுத்தலும்

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பெண் கேட்கச் செல்வோர், சாதகத்தைக் கையில் வாங்குமுன் ஒரு வினாவை எழுப்புவர்: "உங்களுக்குக் குலதெய்வம் எது?" விடை ஒன்றாயிருப்பின், பெரும்பாலும் பேச்சு அவ்வளவில் நின்றுவிடும். ஒரே குலதெய்வத்தை வணங்கும் உறவினர் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறையாவாள். பாட்டன், பூட்டன், ஓட்டன் என்பதற்கு மேல் நினைவு செல்லாத குடிக்கு அக்கோயிலே மரபுப் பதிவேடு.

ஆயினும், இப்பதிவேடு தந்தையர் வழியையே காக்கின்றது. மணமாகி வந்தவள் கணவனுடைய குலதெய்வத்துக்குப் பொங்கலிடுகிறாள். அவள் பிறந்த குடி இரண்டொரு தலைமுறையில் மறக்கப்படுகிறது. மாமன் மகள், அத்தை மகள் என்னும் உரிமை உள்ளவரையில் தாய்வழியும் நினைவிலிருக்கும். அது விட்டுப்போன இடத்தில் பாட்டியின் பெயரும் விட்டுப்போகும்.

அரசர் குடியில் எவ்வாறு இருந்தது? இதே பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடுகளைப் பார்ப்போம். அவை கி.பி. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டவை. பாகூரில் இருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்ட செய்தியைக் கூறுவன. தானத்தைச் சொல்லுமுன் குலவரிசை வருகிறது. திருமாலில் தொடங்கி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் வழியாகப் பல்லவனுக்கு இறங்குகிறது. இதை வரலாறென்று கொள்வதற்கில்லை. குடிப்பெருமையை நாட்டப் புனைந்ததென்றே கொள்ள வேண்டும். பின்னர் அரசர் பெயர்கள் தொடர்கின்றன. நந்திவர்மனிடம் வந்ததும், அவன் தேவி சங்கா இராட்டிரகூடர் குடியிற் பிறந்தவள் என்றும், அவள் பெற்ற மகனே நிருபதுங்கன் என்றும் செப்பேடு நின்று சொல்கிறது. இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கோவிந்தன் காஞ்சியை வென்று திறை கொண்டது அதற்கு முந்திய தலைமுறையில்தான். பகைக்குடியோடு கொண்ட மணவுறவு மறைக்கத் தக்கதன்று, பறைசாற்றத் தக்கதாயிற்று. அதனாலன்றோ அவள் பெயர் நமக்குக் கிடைத்தது!

குடியானவர் வீட்டுப் பெண்ணுக்குச் செப்பேடு ஏது? அவள் பெயரை எழுத்தில் நிறுத்தியது பிரெஞ்சு ஆட்சியின் குடிநிலைப் பதிவேடு. 1881 செப்டம்பர் 21ஆம் நாளின் ஆணைப்படி, மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியற் சட்டத்தை ஏற்றோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அவர்கள் குடும்பப் பெயரொன்றைத் தேர்ந்துகொண்டனர். அச்சட்டப்படி திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவருடைய தாய் தந்தையர் பெயர்களும் இடம்பெற வேண்டும். இந்திய இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோதும் ரெனோன்சான்கள் அதிலிருந்து விலக்கப்பட்டனர்.

1962 ஆகஸ்டு 16ஆம் நாள் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியோர் ஆறு திங்களுக்குள் அதனைத் தேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தது. அவ்வாறு தேர்ந்தோரின் வழிவந்தவர்களுக்குச் சம்பந்தம் பேசும்போது, குலதெய்வத்தோடு குடியுரிமையும் கேட்கப்படலாயிற்று. அதை மெய்ப்பிக்கப் பழைய பதிவேட்டைப் புரட்டுவோர் பாட்டன் பெயரோடு பாட்டியின் பெயரையும், அவள் பிறந்த ஊரையும் தேடுகின்றனர்.